சவரி அவிழ்ந்த சனிக்கிழமை

போன கிழமை, துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டுக் கமலினி வீடியோவில் வரச்சொல்லிக் கேட்டபோது வதனி "ஏலாது" என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கையில் இருந்த துணியால் அடுப்பைத் தேய்த்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டாள்.

"பின்பக்கம் மட்டுந்தான் வதனிக்கா. முகமே வராது. உங்க ஜடை மட்டும் போதும் எனக்கு."

அந்தச் சடைதான் வில்லங்கம். அதில் பாதிக்கு மேல் வதனியின் தலையை விட்டு எப்போதோ போய்விட்ட முடி.

சனிக்கிழமை காலை ஏழு மணி. சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் யாரோ ஒருவருடைய வீட்டின் பின்வளவில் இரண்டு அறை. அதற்குள் மூன்று பேர். ஓகஸ்ட் மாதக் குளிர் குளியலறைத் தரையில் ஏறி நின்றது. வதனி கதவைப் பூட்டிவிட்டு, சடையோடு சேர்த்துப் பின்னும் சவரியை எடுத்தாள்.

கடையில் வாங்கிய சவரி அல்ல. அவளுடைய சொந்த முடி. மார்கழியில் கொட்டத் தொடங்கியது. சீப்பில், தலையணையில், தண்ணீர் போகும் துளையில், சோற்றுக் கோப்பையில் என்று கண்ட இடமெல்லாம் முடி. முதல் மாதம் குப்பையில் போட்டாள். இரண்டாம் மாதம் மனம் வரவில்லை. டார்வின் தடுப்பு முகாமில் பவளம் என்றொரு மனுசி, பொழுது போகாமல், சவரி கட்டப் பழக்கியிருந்தாள். கதிரையைக் கவிழ்த்து இரண்டு கால்களுக்கு இடையே நூலை இறுக்கிக் கட்டி, சிக்கெடுத்த முடியைச் சிட்டிகை சிட்டிகையாக அந்த நூலில் முடிந்துகொண்டே போகவேண்டும். பிறகு சுருட்டி, தலைப்பைக் கறுப்புத் துணியால் தைத்துவிட்டால் சரி. புருசன் சிறி கோயிலுக்கு மரக்கறி வெட்டப் போகும் வெள்ளிக்கிழமைகளில் வதனி அதை இருந்து இருந்து கட்டினாள்.

இப்போது அந்தச் சவரி இடுப்புவரை நீளம். சொந்த முடியோ எலிவால் அளவு. இரண்டையும் சேர்த்துப் பின்னி, அகன்றுபோன வகிட்டில் கண்மையை இழுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாடிப்படி ஏறினால் முழங்கால் நடுங்குவதும், போர்வைக்குள்ளும் கால் குளிர்ந்து கிடப்பதும் அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

உடம்புக்கு வருத்தம் என்று தெரிந்தால் சிறி வேலைக்குப் போக விடமாட்டான். வேலை இல்லையென்றால் வாடகை இல்லை. வாடகை இல்லையென்றால் பைகளைக் கட்டவேண்டும். மகள் நிவேதிகா பன்னிரண்டாம் வகுப்பு. ஒக்டோபரில் சோதனை. அதுவரைக்கும் இந்த வீட்டை விட்டு அசையக்கூடாது. வதனிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கதவில் தட்டு விழுந்தது.

"அம்மா! ஹாஃப் அன் அவரா உள்ள என்ன செய்யிறியள்?"

"வாறன் பிள்ளை, வாறன்."

"ஷாம்பு போத்தல்ல தண்ணி இன்னும் விட்டீங்களா? அது இப்ப வெறும் தண்ணிதான். நுரையே வரேல்லை."

மலிவுக் கடை ஷாம்புவைக் கோலாப் போத்தலில் கால்வாசி ஊற்றி, மீதிக்குத் தண்ணீர் விட்டு, மூன்று பேரும் ஒரு மாதம் முழுகுவது அந்த வீட்டு வழக்கம்.

"நுரை வந்தாத்தான் ஊத்தை போகுமோ? தேய்ச்சா எல்லாம் போகும்" என்றபடி வதனி வெளியே வந்தாள். மகள் அவளுடைய சடையை ஒரு கணம் பார்த்தாள். துவாயோடு உள்ளே போனாள்.

குசினியில் சிறி ஒற்றைக் கையால் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் கட்டட வேலையில் சாரத்தில் இருந்து விழுந்து தோள் உடைந்ததில் வலது கை இன்னும் காதுக்கு மேலே எழும்புவதில்லை. வேலை செய்யும் அனுமதி இல்லாத விசாவில் வேலை செய்தவன் எங்கே போய் நட்டஈடு கேட்பது? அந்த நிறுவனம் அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனதோடு சரி. அகதி வழக்கு மேல்நீதிமன்றத்தில் கிடக்கிறது. "வேலை செய்யிறதை ஆரும் கண்டால் கதை முடிஞ்சுது" என்று வக்கீல் சொன்னதை நெஞ்சில் எழுதி வைத்திருந்தான் சிறி.

"இண்டைக்கும் அந்த மனுசி ஏதாவது பாக் தந்தா வாங்காத."

"வேண்டாமெண்டா முகம் சுருங்குது."

"சுருங்கட்டும். போன கிழமை தந்தது என்ன? தயிர் உறைய வைக்கிற மெசின். ஆறு குஷன் உறை. எங்களிட்டக் குஷனே இல்லை."

வீட்டில் மேசை கிடையாது, அலுமாரி கிடையாது. மெத்தை மூன்று, சட்டி இரண்டு, கவிழ்க்கவும் இருக்கவும் ஒரே கதிரை. மூன்று பைகளுக்குள் அடங்காத எதையும் சிறி வீட்டுக்குள் விடுவதில்லை. பதின்மூன்று வருடத்தில் ஆறு வீடு மாறியாயிற்று. துங்காபியில் இருந்தபோது கையில் அட்டையும் பேனையுமாக ஒருத்தன் கதவைத் தட்டினான் என்று அன்று இரவே பைகளைக் கட்டினார்கள். அவன் மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லி வந்த விற்பனைப் பெடியன் என்று பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போக வீடு இல்லை.

"சரி, வாங்கேல்லை. போட்டு வாறன்" என்றாள் வதனி. கமரா விசயத்தை அவள் சொல்லவில்லை.

கமலினியின் வீடு இருக்கும் கெல்லிவில்லுக்கு ஒரு பஸ், பிறகு மெட்ரோ, பிறகு ஏற்றத்தில் கால்மணி நடை. வழியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

கமலினி திருச்சிக்காரி. கணினி வேலையை விட்டுவிட்டு 'காலி அலமாரி' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறாள். குறைந்த பொருள்களோடு வாழ்வது எப்படி என்று வாராவாரம் சொல்லித் தருவாள். வரவேற்பறையில் ஒரு வெள்ளை சோபா, ஒரு செடி, ஒரு விளக்கு. பார்க்கிறவர்களுக்குப் பெருமூச்சு வரும். அந்த அறையில் இருந்து கழித்ததெல்லாம் காராஜுக்குள் கூரை முட்ட அடுக்கிக் கிடப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அதைத் தூசி தட்டுவது வதனி.

"வாங்க வதனிக்கா, சாப்டீங்களா? சீக்கிரம், வெளிச்சம் நல்லா இருக்கு. இன்னைக்கு லைவே போயிடலாம்னு இருக்கேன்."

"லைவ் எண்டா?"

"அப்படியே நேரா போகும். ரெண்டாயிரம் பேர் வெயிட்டிங். 'செலவில்லாம நீளக் கூந்தல்'னு தலைப்பு போட்டாச்சு. நீங்க வெந்தயமும் அரிசித் தண்ணியும் தேய்க்கிறதா சொல்லிடுங்க."

"நான் அது தேய்க்கிறேல்லையே."

"அப்ப என்ன போடுறீங்க?"

"மலிவு ஷாம்பு. பாதித் தண்ணி."

கமலினி சிரித்தாள். "ஐயோ, அத யாருக்கா பாப்பாங்க!"

வதனி குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சலவைக்கல் ஐஸ்கட்டி மாதிரிக் குளிர்ந்தது. பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல அவள். குடிவரவு அதிகாரி முன்னால், வீட்டுக்காரன் முன்னால், தேவைக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ரெண்டாயிரம் பொம்பிளையள் வெந்தயம் வாங்கி ஊறவைத்துத் தலையில் அப்பிக்கொண்டு, முடி வளரும் வளரும் என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைக்க அவளுக்கு என்னவோ செய்தது.

"கமலினி, ஒண்டு சொல்லோணும்."

சடையை முன்னுக்கு எடுத்துப் போட்டு, நுனியில் இருந்து பிரித்துக்கொண்டு வந்தாள். சவரியின் முடிச்சை அவிழ்த்துக் கல்லின் மேல் வைத்தாள். மீதி முடி பிடரியில் ஒரு நூல்போல விழுந்தது.

கமலினி ஒரு அடி பின்னால் போனாள். "இது... விக்கா?"

"விக் இல்லை. என்ர முடிதான். கொட்டினதைச் சேர்த்துக் கட்டினது."

"கொட்டினதையா? நீங்களேவா?" கமலினி கிட்ட வந்து, முதலில் ஒரு விரலால் தொட்டாள். பிறகு முழுக் கையாலும் எடுத்தாள். அவளுடைய முகம் மாறியதை வதனி பார்த்தாள். அருவருப்பு போய், வேறு ஏதோ வந்தது. "வதனிக்கா, இது செம ஐடியா! குப்பைக்குப் போறத திரும்பப் பயன்படுத்துறது! என் சேனலுக்குன்னே பண்ண மாதிரி இருக்கு! வெந்தயத்த விடுங்க. இதையே காட்டுங்க. எப்படிக் கட்டுறதுன்னு."

வதனிக்குப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. பொய் சொல்லத் தேவையில்லை. முகமும் வராது. கையும் முடியும் மட்டும்.

சாப்பாட்டுக் கதிரையைக் கவிழ்த்தார்கள். நூல் கட்டினார்கள். இந்தக் கிழமை சீப்பில் வந்த முடி ஒரு பொலித்தீன் பையில் சுருட்டி அவளுடைய கைப்பைக்குள்தான் இருந்தது. தோளுக்கு மேலால் கையைப் பார்த்து நின்ற போன் கமராவுக்கு முதுகைக் காட்டித் தரையில் குந்தினாள். விரல்கள் தாமாக ஓடின. எடு, நுனியை நேராக்கு, சுற்று, இறுக்கு. கமலினி பின்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தாள்.

"பாருங்க ஃப்ரெண்ட்ஸ், ஒரு பைசா செலவில்ல. புதுசா ஒரு பொருளும் வீட்டுக்குள்ள வரல. கமென்ட்ல நிறைய பேர் கேக்குறீங்க, இவ்வளவு முடி சேர எவ்வளவு நாள் ஆகும்னு. அக்கா, எவ்வளவு நாளாச்சு?"

அந்த இடத்தில்தான் பிழை நடந்தது. ஒருவர் கேள்வி கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும், ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைப்பது மரியாதை இல்லை என்று பழகிய உடம்பு. வதனி நன்றாகத் திரும்பி, கமலினியையும் அவளுக்குப் பக்கத்தில் நின்ற போனையும் பார்த்து, "எட்டு மாசம்" என்றாள்.

கமலினியின் கண் போன் திரையில் ஓடியது. முதலில் சிரிப்பு இருந்தது. பிறகு அது உதட்டில் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"ஓகே ஃப்ரெண்ட்ஸ், நெட் கொஞ்சம் பிரச்சினை பண்ணுது, அப்புறம் பார்க்கலாம்." போனை அணைத்தாள்.

"என்ன எழுதினவை?" என்று கேட்டாள் வதனி.

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லுங்கோ."

கமலினி சோபாவில் உட்கார்ந்தாள். "ஒரு நர்ஸ் எழுதியிருக்காங்க. எட்டு மாசத்துல இவ்வளவு கொட்டினா அது நோய், உடனே ரத்தம் செக் பண்ணுங்கன்னு. அதுக்கப்புறம் எல்லாரும் ஆரம்பிச்சிட்டாங்க. இவங்க யாரு, உங்க வீட்டு வேலைக்காரங்களா, நோயாளிய வச்சு வேலை வாங்குறீங்களான்னு. எளிமையா வாழ்றவளுக்கு வேலைக்கு ஆள் எதுக்குன்னு ஒருத்தி." குரல் உடைந்தது. "மூணு வருஷமா பில்ட் பண்ணது வதனிக்கா இது."

வதனி எழுந்து கதிரையை நிமிர்த்தினாள். கட்டிய நூலை அறுத்து முடியைப் பைக்குள் வைத்தாள். மேல்மாடிக் குளியலறை இன்னும் கழுவவில்லை. வாளியை எடுக்கப் போனாள்.

"வேணாம்க்கா. விடுங்க." கமலினி எழுந்து வந்து வாளியை வாங்கினாள். "நீங்க ரெஸ்ட் எடுங்க. டாக்டரப் பாருங்க. நல்லா ஆனப்புறம் நானே கூப்பிடுறேன்."

"செவ்வாய்க்கிழமை வாறன்."

"இல்லக்கா. நானே பண்ணிக்கலாம்னு இருக்கேன். நியாயமா பார்த்தா அதான் கரெக்ட். தேவையில்லாதத ஒவ்வொண்ணா குறைக்கணும்னு நானே சொல்லிட்டு..." சொல்லி முடிக்கும் முன் தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்கவேண்டும். நிறுத்தினாள். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வதனி அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

"அந்த வீடியோவை அழிச்சுவிடுங்கோ. என்ர முகம் வந்திட்டுது. எங்களுக்குக் கரைச்சல் வரும்."

"அழிச்சிட்டேன், அப்பவே." கமலினி சவரியை இன்னும் கையில் வைத்திருந்தாள். "இத மட்டும் இங்க வச்சுட்டுப் போறீங்களா? அடுத்த வீடியோல நான் மட்டும் காட்டி விளக்கம் சொல்லிடுறேன். உங்க பேரு சொல்லமாட்டேன்."

வதனி கையை நீட்டினாள்.

"அது என்ர தலை, கமலினி. தாங்கோ."

பஸ்ஸில் அவள் அதைத் திரும்பக் கட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முன் இருக்கைச் சின்னப் பிள்ளை ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தாயிடம் ஏதோ கேட்டது. தாய் பிள்ளையின் தலையை நேராகத் திருப்பினாள்.

போன் அடித்தது. நிவேதிகா.

"அம்மா, எங்க நிக்கிறியள்? அப்பா பாக் கட்டுறார்."

"என்னத்துக்கு?"

"வீடியோ பாத்திட்டார். கோயில் வட்ஸப் குறூப்பில ஆரோ ரெக்கோட் பண்ணிப் போட்டது. முடியைக் குப்பையில போடாதேங்கோ எண்டு. உங்கட ஃபேஸ் கிளியரா இருக்கு." மகளின் மூச்சு கேட்டது. "அம்மா, அது உண்மையா? எட்டு மாசமா?"

"வந்து சொல்லுறன். அப்பாவைக் கட்ட விடாத."

"நான் சொன்னா கேக்கிற ஆளா?"

பஸ்ஸுக்குக் காத்திருந்து, இடையிடையே இளைப்பாறி, வதனி போய்ச் சேர நான்கு மணி. மூன்று பைகளும் கதவடியில் நின்றன. மெத்தைகள் சுருட்டியாயிற்று. சிறி ஒற்றைக் கையால் சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக்கொண்டிருந்தான். நிவேதிகா வேதியியல் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள், அதையும் யாராவது பைக்குள் போட்டுவிடுவார்கள் என்பதுபோல.

"மயூரதனோட கதைச்சிட்டன்" என்றான் சிறி, நிமிராமலே. மயூரதன் அவனுடைய சித்தப்பாவின் மகன். மெல்பேர்னில், டார்னெய்ட்டில் இருக்கிறான். மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் இடையில் லொறி ஓட்டுகிறான். "சாமான் இறக்கிப்போட்டு வெறும் லொறியாத்தான் திரும்பிறான். ஆறு மணிக்கு வருவான். விடிய முன்னம் அங்க."

"ஆர் வந்தவை? ஆராவது கதவைத் தட்டினவையே?"

"தட்டும்வரைக்கும் இருக்கச் சொல்லுறியோ? ரெண்டாயிரம் பேர் பாத்திருக்கு வதனி! அந்த வீட்டில வேலை செய்யிறாய் எண்டு கீழ எழுதியிருக்கு! வக்கீல் என்ன சொன்னவர்?"

"திங்கட்கிழமை பிள்ளைக்கு ட்ரையல் எக்ஸாம்."

"டார்னெய்ட்டிலயும் பள்ளிக்கூடம் இருக்கு."

"அப்பா, அங்க வேற சிஸ்டம்!" நிவேதிகா வெடித்தாள். "இஞ்ச எச்.எஸ்.சி., அங்க வி.சி.ஈ. சோதனைக்கு ரெண்டு மாசம் கிடக்கேக்கை போய்ச் சேர ஏலாது. திரும்ப ஒரு வருசம் இருக்கோணும். ஐ வில் லூஸ் த ஹோல் இயர்!"

"ஒரு வருசம் போனா என்ன? ஆள் இருந்தால் தானே படிப்பு?"

அப்போதுதான் சிறி நிமிர்ந்து மனைவியை நேராகப் பார்த்தான். சவரி கட்டத் தொடங்கிய பிறகு அவளை அது இல்லாமல் அவன் காண்பது இதுதான் முதல் தரம். நெற்றிக்கு மேலே தோல் தெரிந்தது. கண்மை வேர்வையில் கரைந்து வகிட்டில் ஒரு கறுப்புக் கோடாக வழிந்திருந்தது.

சட்டியைக் கீழே வைத்தான். கிட்ட வந்தான். எழும்பாத வலது கையை விட்டு இடது கையால் அவளுடைய உச்சியைத் தொட்டான்.

"எப்ப தொடக்கம்?"

"மார்கழி."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் பாக் கட்டியிருப்பீங்கள்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல வதனியால் முடியாது. வவுனியாவில் ஒரு மத்தியானம், சோற்றில் கை வைத்தபடி இருந்தவனைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டுப் போனவர்கள் பதினொரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். "அண்டைக்குக் காலமையே கேள்விப்பட்டனான், வருவாங்களெண்டு. சாப்பிட்டிட்டுப் போவம் எண்டு இருந்திட்டன்" என்று ஒரேயொரு தரம் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் எந்தச் சோற்றையும் ஆறுதலாகத் தின்றதில்லை.

"அதுக்குத்தான் சொல்லுறன்" என்றான் இப்போது, குரலைத் தாழ்த்தி. "வா, போவம். அங்கயும் டொக்டர்மார் இருக்கினம். மயூரதன்ர மனுசி கூட்டிக்கொண்டு போவா."

"கமலினி என்னை நிப்பாட்டிப்போட்டா. செவ்வாய்க்கிழமை வேலை இல்லை. இனி ஆர் என்னைக் காணப்போகினம்? வேலை செய்தால்தானே பிடிக்கிறதுக்கு?"

"வேலையும் போச்சோ? பிறகென்னத்துக்கு இந்த வீடு?"

வதனி மகளைப் பார்த்தாள். நிவேதிகா புத்தகத்தை விடவில்லை. நாலு வயதில் படகில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. மேசை இல்லாமல், சுருட்டிய மெத்தையின் மேல் கொப்பியை வைத்து எழுதி, வகுப்பில் வேதியியலுக்கு முதலாவதாக வருகிறவள். ஒவ்வொரு தரமும் பைகளைக் கட்டும்போது இவள் எதையாவது விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரு தரம் சைக்கிள். ஒரு தரம் சிநேகிதி. வாய் திறந்து கேட்டதில்லை.

"நீங்கள் போங்கோ" என்றாள் வதனி. "நாங்கள் வரேல்லை."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"விளங்கத்தானே சொல்லுறன். பயமெண்டா நீங்கள் போய் இருங்கோ. ஒக்டோபர் முடியட்டும். பிறகு எங்க கூப்பிட்டாலும் வாறம். இப்ப இவளின்ர ஒரு புத்தகமும் அந்தப் படியைத் தாண்டாது."

"வருத்தக்காரி, வேலை இல்லை, குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு தனிய இருக்கப்போறியோ?"

"இவ்வளவு நாளும் ஆரோட இருந்தனான்?"

சொன்ன பிறகு அவளுக்கே சுட்டது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. சிறி சுருட்டிய மெத்தையின் மேல் குந்திக்கொண்டு, இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி இருந்தான்.

ஆறு மணிக்கு முன்னமே லொறியின் ஹோர்ன் கேட்டது. மயூரதன் பின்வளவுக்கு வந்து எட்டிப் பார்த்தான். தடித்த ஆள், எப்போதும் பகிடி.

"என்ன அண்ணை, மூண்டு பாக்தானோ? ஒரு லொறி நிறையச் சாமான் எண்டு நினைச்சு வந்தனான்! அண்ணி, ஏறுங்கோ, ஹியூம் ரோட்டில மழையாம்." பிறகு வதனியின் தலை கண்ணில் பட்டது. பகிடி நின்றது. தரையைப் பார்த்தான்.

"நான் மட்டுந்தான் வாறன்" என்றான் சிறி.

மயூரதன் ஒருவர் மாறி ஒருவர் முகத்தைப் பார்த்தான். "நான் வெளியில நிக்கிறன், அண்ணை" என்று போய்விட்டான்.

சிறி தன்னுடைய பையை மட்டும் எடுத்தான். மகளின் தலையைத் தடவினான். அவள் தடவ விட்டாள், நிமிரவில்லை.

"ஒரு கிழமை நிலைமையைப் பாப்பம்" என்றான். "கதவைப் பூட்டி வைச்சிருங்கோ. தெரியாத ஆள் தட்டினா திறக்காதேங்கோ. போட்டு வாறன்."

வதனி தலையை ஆட்டினாள். லொறி திரும்பி, தெருமுனையில் கியர் மாற்றி, போய்விட்டது. பதினெட்டு வருடக் கலியாணத்தில், அந்தப் பதினொரு மாதத்தைத் தவிர, அவர்கள் ஒரு இரவு பிரிந்து படுத்ததில்லை.

நிவேதிகாதான் முதலில் அசைந்தாள். சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். பருப்பைக் கழுவினாள்.

"நீங்கள் படுங்கோ அம்மா. நான் சமைக்கிறன்."

"நாளையிண்டைக்குச் சோதனை. நீ படி."

"சமைச்சுக்கொண்டே படிப்பன்." பிறகு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சவரி எனக்கு முதலே தெரியும்."

வதனி திடுக்கிட்டாள்.

"உங்கட சடை பின்னுக்கு ஒரே மாதிரியே இருந்தது. எல்லாருக்கும் காத்துக்கு முடி பறக்கும், உங்களுக்குப் பறக்காது. ரெண்டு மாசமாத் தெரியும். கேட்டா நீங்கள் அழுவீங்களோ எண்டு பயம்." கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "இண்டைக்கு நீங்கள் பஸ்ஸில வரேக்கை ஒரு வேலை செய்தனான். அகதிகளுக்கெண்டு ஒரு கிளினிக் இருக்கு, ஓபர்ன் பக்கம். அரசாங்க மெடிக்கெயர் கார்ட் தேவையில்லை, இரத்தம் எல்லாம் சும்மா பாப்பினம். ஒன்லைனில புக் பண்ணிட்டன். திங்கட்கிழமை மூண்டு மணி. எக்ஸாம் ஒரு மணிக்கு முடியும், நான் நேரா ஸ்டேஷனுக்கு வாறன்."

வதனிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சுவரோடு சரிந்து தரையில் இருந்தாள். மகள் கிட்ட வந்து கட்டிப்பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டில் அப்படிப் பழக்கம் இல்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

"ஒண்டே ஒண்டுதான் வேணுமாம். உங்கட விசாக் கடிதமும் இமிகிறேசன் கார்ட்டும். ஒறிஜினல். அது இல்லாட்டி உள்ளுக்கு எடுக்கமாட்டினம். அந்த ஃபைல் எங்க?"

மூன்று பேருடைய கடிதம், கார்ட், நீதிமன்றத் தாள், பிள்ளையின் பிறப்புச் சான்று, எல்லாம் ஒரே கோப்பில்தான். வதனி எழுந்து தன்னுடைய பையை அவிழ்த்தாள். உடுப்பு, துவாய், சாமிப்படம். மகளின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பாடசாலை உடுப்பு, கல்குலேட்டர், ஒரு சோடிச் சப்பாத்து. மெத்தைகளை விரித்து உதறினார்கள். குளியலறையையும் பார்த்தார்கள்.

"மறந்துபோய்க் கொண்டுபோயிருப்பார்" என்றாள் நிவேதிகா.

பை கட்டுவதில் சிறி எதையும் மறந்ததில்லை.

வதனி அவனுக்குப் போன் எடுத்தாள். ஐந்து தரம் அடித்து நின்றது. மறுபடி எடுத்தாள். இரண்டாவது அடியில் வெட்டுப்பட்டது. மூன்றாவது தரம் எடுக்கும் முன் திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. சிறி எழுத்துக்கூட்டி, மெல்ல மெல்ல அடிக்கிறவன். இதை அடிக்க அவனுக்கு நெடுநேரம் ஆகியிருக்கும்.

*ஃபைல் என்னட்ட இருக்கு. ரெண்டு பேரும் வாங்கோ. தாறன்.*

நிவேதிகா அதைத் தாயின் தோளுக்கு மேலால் வாசித்தாள். பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதை அணைக்கப் போகவில்லை.

"மெல்பேர்னுக்குப் பஸ் எத்தனை மணிக்கெண்டு பார்" என்றாள் வதனி.

"அம்மா, நான் வரமாட்டன்."

"உன்னை ஆர் கேட்டது? ஒரு ரிக்கற் பார். போய், எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை மூண்டு மணிக்குள்ள திரும்பி வரோணும்."

"போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. நீங்கள் படி ஏறவே ரெண்டு தரம் நிக்கிறியள்."

"பஸ்ஸில படி மூண்டுதான்" என்று சொல்லி, வதனி கொட்டிக் கிடந்த உடுப்புக்குள் தன்னுடைய கம்பளிச் சட்டையைத் தேடத் தொடங்கினாள்.